கோதுமை கதிர் வாங்கவில்லையா? குளிரைக் குறை சொல்வதற்கு முன் நீலகிரியில் பார்க்க வேண்டியவை

கேரட்டுக்கும் பூண்டுக்கும் நடுவே இரண்டு பாத்தி பழைய கோதுமை போட்டுப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோத்தகிரியில் ஒருவரிடம் சம்பா கோதுமை இருக்கும், கேத்திப் பள்ளத்தாக்கில் இன்னொருவரிடம் இமாச்சலத்திலிருந்து வந்த ஒரு பிடி விதை இருக்கும், ஊட்டியில் யாரோ ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய ரகத்தை வைத்திருப்பார். கேள்வி மட்டும் ஒன்றுதான்: "நன்றாகத் தூர் கட்டியது, கதிரைக் காணோம். குளிர் பத்தவில்லையா?"

குளிராகவும் இருக்கலாம். ஆனால் நம் மலையில் நான் முதலில் சந்தேகப்படுவது பகலின் நீளத்தை. இரண்டும் செடியில் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் பலரும் தவறான வைத்தியம் செய்கிறார்கள்.

செடிக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோதுமையைப் பூக்கத் தூண்டுவது விஆர்என்1 என்ற மரபணு. அது இருப்பது 5-ஆம் குரோமோசோமில். ரொட்டிக் கோதுமையில் ஏ, பி, டி என்று மூன்று மரபணுத் தொகுதிகள் இருப்பதால் இந்த மரபணுவும் மூன்று இடத்தில் இருக்கிறது. குளிர்காலக் கோதுமையில் மூன்றுமே அடங்கிக் கிடக்கும். வாரக்கணக்கில் குளிர் பட்டால்தான் மெல்ல மெல்ல வேலை செய்யத் தொடங்கும். பள்ளிப் பாடத்தில் தட்பப்பதனம் என்று படித்தோமே, அது இதுதான். விஆர்என்2 என்பது தடுப்பு. நீண்ட பகலில் இலையிலிருந்து கிளம்ப வேண்டிய பூக்கும் செய்தியை, அதாவது விஆர்என்3-ஐ, அது கிளம்ப விடாது. விஆர்என்1 எழுந்தால் விஆர்என்2 அடங்கும், விஆர்என்3 நடக்கும். கலிஃபோர்னியாவில் ஹோர்ஹே டுப்கோவ்ஸ்கியின் குழு 2003, 2004, 2006 ஆகிய ஆண்டுகளில் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டது.

வசந்தகாலக் கோதுமையில் விஆர்என்1-ஐ அடக்கி வைக்கும் பகுதியே சிதைந்திருக்கும். சிலவற்றில் மரபணுவின் தொடக்கத்தில் வேறொரு துண்டு வந்து செருகியிருக்கும், சிலவற்றில் முதல் இன்ட்ரானில் (மரபணுவுக்குள் புரதமாக மாறாத இடைத்துண்டில்) ஆயிரக்கணக்கான டிஎன்ஏ எழுத்துகள் காணாமல் போயிருக்கும். மூன்று இடத்தில் ஏதாவது ஒன்றில் இப்படி இருந்தாலே போதும், குளிருக்குக் காத்திருக்காது. அதாவது வசந்தகாலத் தன்மை ஓங்கு பண்பு, குளிர் கேட்பது ஒடுங்கு பண்பு.

பகலின் நீளத்தைக் கவனிப்பது 2-ஆம் குரோமோசோமில் உள்ள பிபிடி1 என்ற மரபணு. டி தொகுதியில் இதன் முன்பகுதியில் 2,089 எழுத்துகள் விடுபட்ட வடிவம் ஒன்று உண்டு. அது இருந்தால் செடி பகல் நீளத்தைக் கணக்கில் எடுக்காது. கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாக் மெக்சிகோவில் ஒரு வருஷத்தில் இரண்டு போகம், இரண்டு அட்சரேகையில் மாற்றி மாற்றி விதைத்தபோது, பகல் நீளம் பார்க்காத செடிகள்தான் இரண்டு இடத்திலும் தேறின. 1960-களில் இந்தியாவுக்கு வந்த குட்டை ரகங்கள் அந்த வழியில் வந்தவை. அதனால் இன்றைய ரகங்கள் நம் ஊரில் தகராறு செய்வதில்லை. வடக்கிலிருந்து வரும் பழைய விதைகள்தான் செய்யும்.

அறிகுறி 1: தூர் கட்டிக்கொண்டே போகிறது, கதிர் இல்லை

முதலில் விரலால் பாருங்கள். தாய்த்தூரின் அடியை மண்மட்டத்திலிருந்து மேல்நோக்கி இரு விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போனால், பூக்கத் தயாரான செடியில் ஒரு கணு கெட்டியாகத் தட்டுப்படும். தட்டுப்பட்டால் கவலையே வேண்டாம், இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். தட்டுப்படாமல் வெறும் இலையுறைகளாக மெத்தென்று இருந்தால், செடி இன்னும் இலை விடும் மனநிலையிலேயே இருக்கிறது.

இலையை எண்ணுவதும் உதவும். தாய்த்தூரில் ஐந்தாவது இலை வந்ததும் அதில் ஒரு வண்ண நூலைக் கட்டிவிடுங்கள். கீழ் இலைகள் காய்ந்து உதிர்ந்த பின் எண்ணிக்கை தவறும். வசந்தகாலக் கோதுமை ஏறக்குறைய ஏழு முதல் பத்து இலையில் கண்ணாடி இலைக்கு, அதாவது கதிருக்கு முந்தைய கடைசி இலைக்கு வந்துவிடும். குளிர் கேட்கும் ரகம் குளிர் கிடைக்காவிட்டால் இலையை விட்டுக்கொண்டே போகும். பதினைந்தைத் தாண்டினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு செடியைப் பலி கொடுக்க வேண்டும். வேரோடு பிடுங்கிக் கழுவி, தாய்த்தூரின் இலைகளை வெளியிலிருந்து ஒவ்வொன்றாக அடிவரை இழுத்து உரித்துக்கொண்டே போங்கள். கடைசி இரண்டு மூன்று இலைகள் நகத்துக்குச் சிக்காது, ஊசிமுனையால் விலக்க வேண்டும். உள்ளே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, ஈரமாக, கண்ணாடி போல் பளபளக்கும் ஒரு முனை இருக்கும். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் லென்ஸ் போதும். முனை வழவழவென்று குவிந்து, பக்கவாட்டில் ஒற்றை வரிகள் மட்டும் இருந்தால் இலைதான் வரப்போகிறது. வரிகள் ஜோடி ஜோடியாக, கீழே மெல்லியதும் மேலே தடித்ததுமாகத் தெரிந்தால் கதிர் தொடங்கிவிட்டது. மேல் வரிதான் சிறுகதிராகப் போகிறது. ஒரு முறை இதைப் பார்த்துவிட்டால் அப்புறம் வயலில் ஊகத்துக்கே வேலை இருக்காது.

சரி, கதிர் தொடங்கவில்லை என்று தெரிந்துவிட்டது. காரணம் குளிரா, பகலா?

நம் மலையின் கணக்கைப் பாருங்கள். ஊட்டியில் ஜனவரி இரவு 5 டிகிரிப் பக்கம் இறங்கும், பள்ளங்களில் உறைபனியே விழும். ஆனால் மதியம் வெயில் 20 டிகிரியைத் தொடும். தட்பப்பதனத்துக்கு நன்றாக உதவுவது 0 முதல் 10 டிகிரி வரை, ஓயாத குளிர். நம் ஊரில் அது இரவிலும் விடியலிலும் சில மணி நேரம்தான் கிடைக்கிறது. அதனால் ஆறு வாரத்தில் முடிய வேண்டியது இங்கே இழுத்துக்கொண்டே போகும். குன்னூர் உயரத்தில் இன்னும் மோசம்.

பகலின் கணக்கு வேறு. நீலகிரி 11½ பாகை வடக்கில் இருக்கிறது. டிசம்பரில் பகல் ஏறத்தாழ 11½ மணி நேரம், ஜூனில் 12¾. கொடைக்கானலில் வித்தியாசம் இன்னும் குறைவு. 50 பாகை வடக்கில் பிறந்த கோதுமை மே, ஜூனில் 16 மணி நேரப் பகலைப் பார்த்துப் பழகியது. எத்தனை வருஷம் காத்திருந்தாலும் அந்தப் பகல் இங்கே வராது. உறைபனியைக் காட்டி "குளிர் இருக்கிறதே, ஏன் பூக்கவில்லை" என்று கேட்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

பிரித்தறிய நான்கு தொட்டிகள் போதும். ஒன்றும் செய்யாதது ஒன்று, விதைக்குக் குளிர் மட்டும் கொடுத்தது ஒன்று, விளக்கு மட்டும் கொடுத்தது ஒன்று, இரண்டும் கொடுத்தது ஒன்று. குளிர் கொடுக்கும் முறையை அடுத்த அறிகுறியில் சொல்கிறேன். விளக்கு என்பது சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டு இரவு பத்து மணிக்கு அணைக்கும் ஒரு சாதாரண பல்பு. பழைய குண்டு பல்பு கிடைத்தால் நல்லது, அதன் ஒளியில் சிவப்பும் சிவப்புக்கு அப்பாலும் அதிகம். செடிக்கு உணவு தயாரிக்க இந்த ஒளி தேவையில்லை, பகல் முடியவில்லை என்று நம்பவைத்தால் போதும். அதனால் பெரிய வாட் வேண்டாம். விளக்கில்லாத தொட்டிகளை வீட்டுக்கு மறுபுறம் வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டால் சோதனை கெட்டது.

நான்கையும் ஒரே நாளில் நட வேண்டும். அதற்காக ஃப்ரிட்ஜ் விதையை ஏழு வாரம் முன்பே தொடங்கி, மற்ற விதையை நடுவதற்கு இரண்டு நாள் முன்பு ஊறப்போடுங்கள்.

விளக்கு பட்ட இரண்டு தொட்டிகள் மட்டும் சீக்கிரம் கதிர் விட்டால் பிரச்சினை பகல். குளிர் கொடுத்த இரண்டு தொட்டிகள் மட்டும் விட்டால் பிரச்சினை குளிர். இரண்டும் கொடுத்தது மட்டும் விட்டால் அது வடக்கத்திய அசல் குளிர்காலக் கோதுமை. இந்த மலையில் பயிராகச் செய்ய வேண்டாம், விதைச் சேகரிப்புக்காக ஒரு தொட்டியில் காப்பாற்றுங்கள். எல்லாமே ஏறக்குறைய ஒன்றாக விட்டால் விதையில் குறையில்லை, வயலில் போட்ட தழைச்சத்தையும் விதைப்பு மாதத்தையும் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பகல் நீளம் பார்க்கும் ரகம் குறும்பகலில் அநேகமாகத் தாமதமாகத்தான் பூக்கும், அடியோடு பூக்காமல் இருக்காது. அதனால் கதிர் வந்ததா இல்லையா என்று மட்டும் பார்க்காமல், எத்தனை வாரம் பிந்தியது என்று குறித்து வையுங்கள்.

தொட்டி வைக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஒன்று செய்யலாம்: வாசல் விளக்கோ தெருவிளக்கோ படும் ஓரத்தில் உள்ள செடிகள் மட்டும் முந்திக் கதிர் விட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். விட்டிருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

சம்பா கோதுமைக்கு இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. அது எம்மர் என்ற பழைய கோதுமை வகை. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் வெயில் காட்டில் காலம் காலமாக விளைவது, குளிர் கேட்டு அடம்பிடிக்காது. சம்பா என்று வாங்கியது கதிர் விடவில்லை என்றால், முதலில் அது சம்பாதானா என்று கேளுங்கள்.

அறிகுறி 2: ஃப்ரிட்ஜில் வைத்து நட்டேன், அப்படியும் வரவில்லை

காய்ந்த விதையை டப்பாவோடு வைத்திருந்தால் பயன் இல்லை. ஈரம் ஏறி, கரு விழித்து, உயிரணுக்கள் பிரியத் தொடங்கியிருந்தால்தான் குளிர் அதில் பதியும். ஓர் இரவு ஊறவைத்து, வேர்முனை வெள்ளையாக எட்டிப் பார்த்ததும், ஈர மணல் பரப்பிய மூடி போட்ட டப்பாவில் வைத்து 2 முதல் 5 டிகிரியில் ஆறு முதல் எட்டு வாரம் விடுங்கள். கீழ்த்தட்டு காய்கறிப் பெட்டி பல ஃப்ரிட்ஜில் 8, 10 டிகிரி வரை ஏறும். ஒரு தெர்மாமீட்டரை உள்ளே போட்டுப் பாருங்கள். உறைபெட்டி கூடவே கூடாது. வாரம் ஒரு முறை மூடியைத் திறந்து காற்று விடுங்கள், பூஞ்சை பிடித்ததை எடுத்துப் போடுங்கள். குளிரிலும் முளை மெதுவாக வளரும், வெளிறி நூல் மாதிரி ஆகும். பயப்பட வேண்டாம், நட்ட பிறகு பச்சை பிடித்துவிடும்.

நான்கு வாரத்தில் அவசரப்பட்டு எடுத்து, நேராக பாலிஹவுஸ் வெக்கையில் வைப்பது அடுத்த தப்பு. அரைகுறையாகப் பதிந்த குளிர் 30 டிகிரி வெப்பத்தில் அழிந்துபோகும். எடுத்த பின் ஒரு வாரமாவது நிழலில் 12 முதல் 15 டிகிரியில் வைத்துப் பழக்குங்கள். இதெல்லாம் சரியாகச் செய்தும் வரவில்லை என்றால் விளக்குத் தொட்டிக்குத் திரும்புங்கள். ரகங்களுக்குள்ளும் வித்தியாசம் உண்டு: விஆர்என்-ஏ1 (ஏ தொகுதியில் உள்ள விஆர்என்1) மரபணு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதியாக இருக்கும் குளிர்கால ரகங்கள் மற்றவற்றைவிட நீண்ட குளிர் கேட்கும்.

அறிகுறி 3: ஒரே பாத்தியில் பாதி கதிர் விட்டது, மீதி குத்தாகவே நிற்கிறது

எனக்குப் பிடித்த அறிகுறி இது, ஏனென்றால் எண்ணினாலே விஷயம் வெளியே வரும்.

இரண்டு காரணம் இருக்கலாம். விதை கலந்தது, அல்லது முன்னொரு தலைமுறையில் ஒட்டுச் சேர்ந்து இப்போது பிரிகிறது. கோதுமை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும், அயல் ஒட்டு குறைவு. ஆனாலும் பக்கத்துப் பக்கத்தில் பத்து ரகம் போடும் சேகரிப்பாளர் பாத்தியில் நடக்கத்தான் செய்யும். ஒரே ஓர் ஓங்கு விஆர்என்1 பிரிந்தால் நான்கில் ஒன்று பூக்காமல் நிற்கும். இரண்டு இருந்தால் பதினாறில் ஒன்று, மூன்று இருந்தால் அறுபத்து நான்கில் ஒன்று. இருபது செடியை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். நூறு, இருநூறு செடியாவது வேண்டும்.

கலப்பா, பிரிவா என்று முடிவு செய்ய அடுத்த போகம் வரை பொறுக்க வேண்டும். கதிர் விட்ட செடிகளில் முப்பதைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் விதையையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, தனித்தனி வரிசையாக விதையுங்கள். எந்த வரிசையும் உள்ளுக்குள் பிரியவில்லை என்றால் அது வெறும் கலப்பு. சில வரிசைகளில் மறுபடியும் பூக்காத செடி வந்தால் தாய்ச்செடி கலப்பின வாரிசு. ஒற்றை மரபணு என்றால் மூன்றில் இரண்டு வரிசைகள் இப்படிப் பிரியும். குத்தாக நின்ற செடிகளை ஃப்ரிட்ஜ் முறையில் பூக்கவைத்து விதை எடுத்தால், அவற்றின் பிள்ளைகள் எல்லாம் குளிர் கேட்பவையாகவே இருக்கும்.

விதைப்பண்ணைக்காரர்கள் இப்படி நிற்பதையெல்லாம் 'கலவன்' என்று பிடுங்கி எறியச் சொல்வார்கள். விற்பனை விதைக்கு அது சரி. பழைய நாட்டு ரகம் என்பதே பல வடிவங்களின் கூட்டம். அதில் முந்தியும் பிந்தியும் பூப்பது இயல்பு. சேகரிப்புக்கு வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு வெட்டிவிட வேண்டியதில்லை என்பது என் கட்சி.

அறிகுறி 4: கதிர் வந்தது, ஆனால் எல்லாம் சாவி (மணி பிடிக்காத பதர்)

இங்கே குளிர் உதவவில்லை, கெடுத்திருக்கிறது. கதிர் உறைக்குள் பொதியாக இருக்கும்போது மகரந்தம் உருவாகிற நாட்களில் கடுங்குளிர் பட்டால் மகரந்தம் செத்துவிடும். பூத்த நாளில் ஒரு சிறுகதிரைப் பிரித்துப் பாருங்கள்: நல்ல மகரந்தப்பை மஞ்சளாகப் பருத்து, தொட்டால் தூள் உதிரும். கெட்டது வெளிறிச் சுருங்கி இருக்கும், உமிகள் வாயைப் பிளந்தபடி நிற்கும்.

வடக்கில் குளிர் கேட்கும் குணம் செடிக்கு ஒரு காவல். பனி முடியும்வரை பூமுனையை மண்ணோடு மண்ணாக வைத்திருக்கிறது. நாம் செப்டம்பர், அக்டோபரில் வசந்தகாலக் கோதுமையை விதைத்தால், அந்தக் காவல் இல்லாத செடி டிசம்பர், ஜனவரி உறைபனியில் நேராகப் போய்க் கதிரை நீட்டும். கதிர் வருவது பிப்ரவரி நடுப்பகுதிக்குப் பின் இருக்கும்படி விதைப்பைத் தள்ளுங்கள். பள்ளத்தை விட்டுச் சரிவுக்கு மாறுங்கள். குளிர்காற்று கீழே இறங்கித் தேங்கும் என்பது தேயிலை போட்டவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போரான் குறைந்தாலும் இதே மாதிரி சாவி விழும். பள்ளத்தில் மட்டும் சாவியாகி மேட்டில் தேறியிருந்தால் பனி. மேடு பள்ளம் பார்க்காமல் எங்கும் ஒரே சீராக இருந்தால் மண் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

அறிகுறி 5: போன வருஷம் குளிர் கொடுத்துப் பூக்கவைத்த செடியின் விதை, இந்த வருஷம் மறுபடி அடம்பிடிக்கிறது

பிடிக்கத்தான் செய்யும். குளிர் மாற்றுவது விஆர்என்1-ஐச் சுற்றியுள்ள புரதங்களில் உள்ள குறிகளைத்தான், மரபணுவின் எழுத்தை இல்லை. அந்தக் குறிகள் அடுத்த விதையில் அழிந்து பழைய நிலைக்கே வந்துவிடும். சோவியத் நாட்டில் லைசென்கோ என்ற வேளாண் விஞ்ஞானி குளிர்காலக் கோதுமையைப் பழக்கி நிரந்தரமாக வசந்தகாலக் கோதுமையாக மாற்றிவிட்டதாகச் சொன்னார், அது தவறு. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஃப்ரிட்ஜ் வேண்டும், அல்லது வசந்தகால ரகத்தோடு ஒட்டுச் சேர்க்க வேண்டும்.

அறிகுறி 6: ஒரு முழ உயரத்திலேயே குட்டிக் கதிர்

குளிரும் கேட்காத, பகலும் பார்க்காத ரகத்தை வெக்கையான மாதத்தில் விதைத்திருக்கிறீர்கள். முன்கூட்டிப் பூத்துவிட்டது. மாதத்தை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

அறிகுறி 7: ஆய்வகம் 'குளிர் கேட்கும் ரகம்' என்றது, செடியோ குளிரில்லாமல் பூத்துவிட்டது

என்ன மரபணுவைப் பார்த்தார்கள் என்று அறிக்கையில் தேடுங்கள். விஆர்என்-ஏ1-ஐ மட்டும் பார்த்து முடிவு சொல்லியிருந்தால் அது பாதி அறிக்கை. பி1, டி1 இரண்டில் ஒன்றில் ஓங்கு வடிவம் இருந்தாலும் பூக்கும், விஆர்என்3-இன் சில வடிவங்களும் பூக்கவைக்கும். நம் நாட்டு விதைக்கு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: விஆர்என்-டி4. 5ஏ குரோமோசோமிலிருந்து விஆர்என்1-ஐ உள்ளடக்கிய ஒரு துண்டு 5டி-யில் போய் உட்கார்ந்த வடிவம் அது. தெற்காசியாவின் பழைய குண்டுமணிக் கோதுமையோடு இதற்குத் தொடர்பு இருப்பது 2015-இல் தெரியவந்தது. குட்டையான செடியில் உருண்டை மணி விடும் இந்தக் கோதுமை மொகஞ்சதாரோ அகழ்விலும் கிடைத்திருக்கிறது. எம்மருக்கு டி தொகுதியே கிடையாது. சம்பாவின் அறிக்கையில் டி1 பற்றி ஒரு வரி இருந்தால் மாதிரி மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

பூக்காத குத்துகளை என்ன செய்வது?

கோடைவரை விட்டுவைக்காதீர்கள். கோதுமையின் கருந்துரு நோய் கோடையில் தங்குவது நீலகிரி, பழனி மலைகளின் பச்சைக் கோதுமையில்தான். இங்கிருந்துதான் காற்றேறிச் சமவெளிக்குப் போகிறது என்று தாவர நோயியல் விஞ்ஞானி கே. சி. மேத்தாவின் ஆய்வுகள் காட்டின. வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் துரு நோயைக் கவனித்துவருவதற்கும் இந்த இடம்தான் காரணம். கதிர் விடாமல் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும் குத்து அந்தத் துருவுக்கு நல்ல வீடு. அறுத்தால் மறுதூர் வரும், அதனால் வேரோடு பிடுங்கி மாட்டுக்குப் போடுங்கள். சோதனைக்கு வேண்டிய இரண்டு மூன்றை மட்டும் தொட்டிக்குப் பெயர்த்துக்கொண்டு, தண்டில் செங்கல் நிறத்தில் நீளப் புண் தெரிகிறதா என்று வாரம் ஒரு தரம் திருப்பிப் பாருங்கள். தெரிந்தால் அதையும் எரித்துவிடுங்கள்.